பெகாசஸில் ஒரு 1.5 சதவீதப் பள்ளம்: அது கோள் என்று எதை வைத்துச் சொல்வது?

தோட்டத்து வானம் (சுங்கை சிப்புட்)

எல்லோருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பகலில் எண்ணெயின் ஈரப்பதத்தையும் அமிலத்தையும் அளப்பது பிழைப்பு. ராத்திரியில் விண்மீன் ஒளியை அளப்பது ஆசை. கையில் இருப்பது 6 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கறுப்பு வெள்ளைக் கேமராவும்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு சனிக்கிழமை எச்.டி. 209458 விண்மீனைப் பிடித்தேன். பெகாசஸ் மண்டலத்தில், சுமார் 160 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சூரியன் மாதிரியான விண்மீன், கொஞ்சம் பெரியது. மூன்றரை நாளுக்கு ஒரு தடவை அதன் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோள் போகும். கடந்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். பழைய லயத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் பிரட்டு (காலை வருகைப் பதிவு) எடுத்த திடலில் தொலைநோக்கியை நிறுத்தினேன். ஆலையின் பாய்லர் புகை அன்றைக்கு நல்லவேளையாக வேறு பக்கம் போனது. ஒளி ஒரே இடத்தில் குவியாமல் இருக்க ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, 10 நொடிக்கு ஒரு படம் என்று விடாமல் எடுத்தேன். நடுவில் ஒரு மேகம் 20 நிமிடத்தை விழுங்கியது. பக்கத்து விண்மீன்கள் இரண்டோடு ஒப்பிட்டு மறுநாள் கணக்குப் போட்டேன். தனித்தனிப் புள்ளிகள் சிதறித்தான் கிடந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்ததும், ஒளி குறைந்து மீண்ட பள்ளம் தெரிந்தது. ஆழம் ஏறக்குறைய 1.5 சதவீதம். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, உண்மையைத்தான் சொல்கிறேன்.

என் அக்கா மகள் படிவம் 5 படிக்கிறாள். அவளுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். மறைந்தது ஒளியில் 1.5 சதவீதம், அதாவது விண்மீன் முகத்தின் பரப்பில் 1.5 சதவீதம். வர்க்கமூலம் எடுத்தால் 0.12. விண்மீனின் விட்டத்தில் நூற்றுக்கு 12 பங்கு உள்ள ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. விண்மீன் சூரியனைப்போல 1.2 மடங்கு, ஆகவே குறுக்கே போனது வியாழனைப்போல 1.4 மடங்கு.

அவள் கேட்டாள்: "சரி மாமா, அளவு தெரிந்தது. அது கோள் என்று எப்படித் தெரியும்? அந்த அளவில் சின்ன விண்மீன் இருக்காதா?"

விண்மீன் அவ்வளவு சின்னதாக இருக்காது என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தேடிப் பார்த்தால், நான் சொன்னது தவறு. 2005-இல் கண்டுபிடித்த ஓகிள்-டிஆர்-122பி என்று ஒன்று இருக்கிறது. சூரியன் போன்ற விண்மீனை 7.3 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. விட்டம் வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் அது கோள் இல்லை, விண்மீன்!

பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அதைத் திருத்த வேண்டும். கோளுக்கும் விண்மீனுக்கும் எடை அவ்வளவு வேறுபட்டும் அளவு எப்படி ஒன்றாக வருகிறது? கடந்து போவது கோளா, விண்மீனா என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? என்னுடைய 6 அங்குலத்தால் அதில் எதையாவது செய்ய முடியுமா?


பௌதிக வாத்தியார் (தெலுக் இந்தான்)

தம்பி, உங்கள் அக்கா மகள் கேட்டது படிவம் ஆறில் கேட்க வேண்டிய கேள்வி. அவளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

தேடிப்பிடித்த உதாரணம் எதற்கு? நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் தெற்கே பார்த்தால் ஆல்ஃபா செண்டாரி தெரியும், நம் ஊரிலிருந்து நன்றாகவே தெரியும். அதன் கூட்டாளி பிராக்சிமாவைக் கண்ணால் பார்க்க முடியாது. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அதுதான். அதன் விட்டம் வியாழனைப்போல 1.5 மடங்கு, நிறையோ வியாழனைப்போல 120 மடங்குக்கு மேல். அதைத் தூக்கி உங்கள் எச்.டி. 209458-க்கு முன்னால் நிறுத்தினால் ஏறக்குறைய இதே ஆழத்தில்தான் பள்ளம் விழும். உங்கள் கேமராவால் வித்தியாசம் காண முடியாது.

அளவு ஏன் ஒன்றாக வருகிறது என்பதற்கு வருகிறேன். ஒரு வாயு உருண்டையில் மேலும் மேலும் பொருளைச் சேர்த்தால் அது ஊதிக்கொண்டே போகும் என்றுதான் நாம் நினைப்போம். வியாழன் அளவை எட்டியதும் கதை மாறுகிறது. சேர்க்கிற பொருளின் எடையே உள்ளே இருப்பதை நசுக்கிவிடுகிறது. உள்ளே எலக்ட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கும், இதற்குமேல் நெருங்க மாட்டோம் என்று எதிர்த்துத் தள்ளும். அது வெப்பத்தால் வரும் அழுத்தம் அல்ல, குவாண்டம் விதியால் வருவது. இதனால் வியாழன் நிறையிலிருந்து அதைப்போல 70, 80 மடங்கு வரைக்கும் விட்டம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, சில இடங்களில் கொஞ்சம் சுருங்கவும் செய்கிறது.

இந்த நீண்ட சமவெளியில் இரண்டு எல்லைக்கல்கள் உண்டு. வியாழனைப்போல 13 மடங்கைத் தாண்டினால் உள்ளே டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கொஞ்ச காலம் எரியும். 80 மடங்கை நெருங்கினால் சாதாரண ஹைட்ரஜனே எரியத் தொடங்கி உண்மையான விண்மீன் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் பழுப்புக் குறுமீன்கள். 1960-களின் தொடக்கத்திலேயே, கண்ணால் காண்பதற்கு வெகு முன்பு, இப்படிப்பட்டவை இருக்கும் என்று கணக்குப் போட்டவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.


மேகம் விலகட்டும் (கோல கெட்டில்)

அண்ணே, அந்த வானத்தில் 1.5 சதவீதம் எடுத்தது பெரிய விஷயம். என் பக்கம் ஆகஸ்டு முழுக்கப் புகைமூட்டம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இரண்டு வண்ணக் கண்ணாடி வாங்குங்கள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கோள் இருட்டு, ஆகவே எந்த நிறத்தில் பார்த்தாலும் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். விண்மீன் என்றால் அதுவும் ஒளி விடும், நிறத்துக்கு நிறம் ஆழம் மாறும். அப்புறம் பள்ளத்தின் வடிவத்தைப் பாருங்கள். அடி தட்டையாக இருந்தால் சின்ன உருண்டை முழுதாக உள்ளே போயிருக்கிறது. ஆங்கில வி எழுத்துப் போல் கூராக இருந்தால் இரண்டு விண்மீன்கள் ஓரத்தில் உரசிப் போகின்றன என்று சந்தேகப்படலாம். ஒன்று விட்டு ஒரு பள்ளத்தின் ஆழத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறிமாறி வந்தால் அது இரட்டை விண்மீன், சுற்றும் காலமும் நீங்கள் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு.


நிறமாலை

வணக்கம் அண்ணா. நான் கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வெளிநாட்டில் விண்மீன் நிறமாலைகளில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்விதான் என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மேலே சொன்ன வண்ணச் சோதனை. அது நல்ல சோதனை, ஆனால் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொலைநோக்கியில் ஒரே புள்ளியாகத் தெரிகிற இடத்தில், பின்னால் வேறு ஒரு இரட்டை விண்மீன் ஒளிந்திருந்து அதன் பெரிய மறைப்பு நீர்த்துப்போய் 1 சதவீதமாகத் தெரிகிறதா என்பதை அது காட்டிக் கொடுக்கும். இப்படிப் பள்ளங்களைத் தேடிக் கோள்களைக் கண்டுபிடிக்கும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு பாகையில் 3600 விகலை). அவ்வளவு இடத்துக்குள் பல விண்மீன்கள் அடங்கிவிடும். ஆகவே டெஸ் காட்டும் பள்ளம் உண்மையில் எந்த விண்மீனில் விழுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தரையிலிருந்து தொலைநோக்கிகள் வேண்டும். அங்கே 6 அங்குலத்துக்கும் 8 அங்குலத்துக்கும் உண்மையிலேயே வேலை இருக்கிறது, ஆர்வலர்கள் செய்துகொண்டும் இருக்கிறார்கள். ஆனால் வாத்தியார் ஐயா சொன்ன பிராக்சிமா மாதிரி ஒன்று, சூரியன் போன்ற விண்மீனுக்கு முன்னால் வந்தால்? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது தருவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீலமும் சிவப்பும் ஒரே ஆழத்தைத்தான் காட்டும். வடிவமும் தட்டையாகத்தான் இருக்கும். ஒளியை மட்டும் பார்த்தால் அது கோள் மாதிரியே நடந்துகொள்ளும்.

ஆகவே நிறுக்கத்தான் வேண்டும். நிறுப்பது இப்படி. கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். நகர்வின் அளவிலிருந்து வேகம் தெரியும், வேகத்திலிருந்து கூட இருப்பதன் நிறை தெரியும். உங்கள் எச்.டி. 209458 நொடிக்கு சுமார் 85 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர், ஒரு வேக ரயில் மாதிரி. அதே மூன்றரை நாள் பாதையில் பிராக்சிமாவை வைத்தால் அந்த ஆட்டம் நொடிக்கு 14, 15 கிலோமீட்டர் ஆகிவிடும். வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல். ஒளியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த இரண்டும் வேகத்தில் இப்படிப் பிரிந்து நிற்கும். இரண்டு இரவு, இரண்டு நிறமாலை போதும், விண்மீனா இல்லையா என்று சொல்லிவிடலாம். சரியான நிறை வேண்டும் என்றால்தான் பல இரவுகள்.

கடப்பு, அதாவது விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே துணை போவது, இல்லாமல் வேகத்தை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாததால், குறைந்தபட்ச நிறையை மட்டும்தான் சொல்ல முடியும். கடப்பு தெரிந்தால் நாம் பாதையை ஏறக்குறைய விளிம்போடு பார்க்கிறோம் என்று அர்த்தம், அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடந்து போகும் துணைகள் எங்களுக்கு இவ்வளவு அருமை. அளவும் நிறையும் இரண்டுமே கைக்கு வரும்.

எச்.டி. 209458-இல் இது தலைகீழாக நடந்தது. முதலில் அதன் ஆட்டத்தை அளந்தார்கள், அப்புறம்தான் 1999-இல் பள்ளத்தைத் தேடினார்கள். டேவிட் ஷார்போனோவும் டிம் பிரௌனும் அதைப் பார்த்த கருவியின் வாய் 10 சென்டிமீட்டர்தான், உங்களுடையதைவிடச் சிறியது. இப்போது டெஸ் முதலில் பள்ளத்தைக் காட்டுகிறது, நாங்கள் பின்னால் ஓடி நிறுக்கிறோம்.

நிறுத்துப் பார்த்தால் என்ன வருகிறது என்பதற்கு இரண்டு உதாரணம். கோரோ-3பி, வாஸ்ப்-30பி. இரண்டும் சூரியனைவிடச் சற்றே பெரிய விண்மீன்களைச் சுற்றுகின்றன. இரண்டுக்கும் சுற்றுக்காலம் நான்கு நாளும் கொஞ்சமும். விட்டம் முதலாவதற்கு வியாழன் அளவு, இரண்டாவதற்கு அதில் பத்தில் ஒன்பது பங்கு. நிறை? முதலாவது வியாழனைப்போல சுமார் 22 மடங்கு, இரண்டாவது சுமார் 61 மடங்கு. கொஞ்சம் சிறியதாகத் தெரிவதுதான் மூன்று மடங்கு கனம். இன்னும் தீவிரமான ஒன்று 2017-இல் அறிவித்த ஈபிஎல்எம் ஜே0555-57-இன் துணை. சனிக் கோளின் அளவு, வியாழனைப்போல 85 மடங்கு நிறை. ஹைட்ரஜன் எரிவதற்கான எல்லையைக் கொஞ்சமே தாண்டியிருக்கும் விண்மீன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பள்ளம் தருவது அளவு அல்ல, விகிதம். விண்மீனின் விட்டத்தில் 10 சதவீதம் பிழை இருந்தால் துணையின் விட்டத்திலும் அதே 10 சதவீதப் பிழை வந்து உட்காரும். வேகத்திலிருந்து வரும் நிறையும் விண்மீனின் நிறையை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே எங்கள் உழைப்பில் பெரும்பங்கு துணைக்காகச் செலவாவதில்லை. அந்த விண்மீனை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளவே அது போகிறது: கையா விண்கலம் தந்த தூரம், நிறமாலை தரும் வெப்பநிலை, கடப்பின் நீளத்திலிருந்து வரும் விண்மீனின் அடர்த்தி. இதற்கு ஒரு அழகான விதிவிலக்கு உண்டு. துணையின் மேற்பரப்பு ஈர்ப்பை மட்டும் விண்மீனின் நிறை தெரியாமலேயே கடப்பையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம். நான் எப்போதும் அதை முதலில் போட்டுப் பார்ப்பேன், மற்றவை அதற்கு ஒத்துவருகின்றனவா என்று பிறகு பார்ப்பேன்.

பழுப்புக் குறுமீன் என்றால் வயதும் வேண்டும். உள்ளே நிலையாக எரிவது எதுவும் இல்லாததால் அது ஆறிக்கொண்டே, சுருங்கிக்கொண்டே போகும். இளமையில் ஊதி இருக்கும், வயதானால் வியாழன் அளவுக்கோ அதற்குக் கீழேயோ வந்துவிடும். உங்கள் 1.4 என்ற எண்ணே இங்கே ஒரு சாட்சி. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வயதான சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் பழுப்புக் குறுமீன் அவ்வளவு பெரிதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மிஞ்சுவது சூட்டில் ஊதிய கோள், அல்லது பிராக்சிமா மாதிரி செங்குறுமீன், அதாவது சின்னச் சிவப்பு விண்மீன். உங்கள் அக்கா மகள் சரியான ஆளைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

அப்புறம் ஒரு புதிர். சூரியன் போன்ற விண்மீன்களுக்கு அருகில் கோள்கள் நிறைய உண்டு, துணை விண்மீன்களும் நிறைய உண்டு, நடுவில் உள்ள பழுப்புக் குறுமீன்கள் மட்டும் மிக அரிது. நூறில் ஒன்றுகூட இல்லை. பழுப்புக் குறுமீன் பாலைவனம் என்கிறோம். கோள்கள் விண்மீனைச் சுற்றியுள்ள தட்டில் சேர்ந்து உருவாகின்றன, விண்மீன்கள் வாயு மேகம் உடைந்து உருவாகின்றன. இரண்டு வழியும் எட்டாத இடைவெளி அது என்பது பலரின் விளக்கம். அங்கே கிடைக்கிற ஒவ்வொன்றும் எங்களுக்குப் பெரிய பொருள்.

உங்கள் அக்கா மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். எச்.டி. 209458-இன் வேக அளவுகள் நாசாவின் புறக்கோள் காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. 3.52 நாளுக்கு ஒன்றாக மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வரையச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த பள்ளம் அந்த வளைவில் எங்கே விழுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.


தோட்டத்து வானம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, ஆலையில் பழம் குவிந்துகிடந்தது.

அவளிடம் முதலில் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். பிறகு பிராக்சிமா கதையைச் சொன்னேன். வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று பேசினார். அப்பா 31 வருஷம் பால்மரம் வெட்டியவர். அந்த மரங்களை எல்லாம் அழித்துத்தான் இப்போது செம்பனை நிற்கிறது.

"ஸ்டோர்ல வாளியப் பாத்து எந்தக் கிராணியாவது கணக்கு எழுதுவாரா?" என்றார். "என் வாளியும் நிறையத்தான் இருக்கும், பக்கத்து நிரைக்காரன் வாளியும் நிறையத்தான் இருக்கும். ராத்திரி மழை பேஞ்சிருந்தா அவன் வாளியில பாதி தண்ணி. அந்த மிதக்கிற அளவுகோல உள்ள விட்டு, எவ்வளவு அமுங்குதுன்னு பாத்துத்தான் ரப்பர் எவ்வளவுன்னு எழுதுவாரு."

அவள் உடனே நோட்டை எடுத்துவிட்டாள். மெட்ரோலாக் என்ற அந்த அளவுகோலை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நீளக் கழுத்து, கழுத்தில் கோடுகள், பால் நிறைந்த குவளையில் விட்டால் ஆடி ஆடி ஒரு கோட்டில் நிற்கும். கிராணி குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் படிப்பார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் பால் கெட்டியாக இருந்தால் அளவுகோல் ஆழமாக அமுங்கும். அளந்தது அடர்த்தியைத்தான்.

அவள் போட்ட கணக்கு: எச்.டி. 209458-இன் கோள் வியாழனின் நிறையில் 0.69 பங்கு, விட்டம் 1.36 மடங்கு. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.37 கிராம்தான். தண்ணீரில் பாதிகூட இல்லை. ஓகிள்-டிஆர்-122பி-க்குப் போட்டால் சூரியனைப்போல 50 மடங்குக்கு மேல், கன சென்டிமீட்டருக்கு 70 கிராமைத் தாண்டுகிறது. தங்கமே 19.3 கிராம்தான் என்று தாத்தாவிடம் சொன்னாள். அவர் இரண்டு எண்ணையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

தங்கச்சி நிறமாலை, நீங்கள் தந்த வேலையை அவள் நேற்று முடித்தாள். காப்பகத்திலிருந்து எண்களை இறக்கி, மடித்து, மில்லிமீட்டர் தாளில் கையாலேயே புள்ளி வைத்தாள். மேலே 85, கீழே 85, நடுவில் அழகான அலை. என் பள்ளத்தின் நேரத்தைக் குறித்தபோது அது அலையின் உச்சியிலும் விழவில்லை, அடியிலும் விழவில்லை. மேலிருந்து கீழே இறங்கும்போது நடுக்கோட்டை வெட்டுகிற இடத்தில், மிகச் சரியாக, வந்து விழுந்தது. ஏன் என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "கோள் நமக்கு நேர் முன்னாடி நிக்குது மாமா. அந்த நேரத்துல விண்மீன் நம்ம பக்கமும் வரல, விலகியும் போகல, குறுக்கதான் போகுது."

வண்ணக் கண்ணாடி இரண்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். டெஸ் பட்டியலில் நம் வானத்துக்கு உயரமாக வரும், ஒரு சதவீதத்துக்குக் குறையாத பள்ளங்களைத் தேடித் தரும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். எந்த விண்மீனில் பள்ளம் விழுகிறது என்று பிரித்துச் சொல்வது வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிறுப்பது உங்கள் பொறுப்பு.